இருபத்தெட்டைக் கழிக்கவும்

என் கருத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் யாருக்கும் சிரமம் வைக்காமல் நானே சொல்லிவிடுவது வழக்கம்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை என்னுடையது. கடையின் முன்பாதியில் வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து போட்ட மடிக்கணினிகள். பின்பாதியில் யாரும் கேட்டு வராத என்னுடைய பழசுகள். என் மனைவி ஒரு நாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முன்னாடி ஆஸ்பத்திரி, பின்னாடி பொணவறை" என்றாள். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை மறுக்க வேண்டியிருந்தது. பின்னால் இருப்பவை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. செத்துக்கொண்டிருப்பவை முன்னால் இருப்பவைதான்.

பழைய கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கும். அவ்வளவுதான். 'நீ சொல்லு, நான் செய்றேன்' என்று காத்திருக்கும். புதியது அப்படியா? முதலில் வணக்கம் சொல்லும். பிறகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்; அதுவரை நாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நீ யார் என்று நம்மையே கேட்கும். நிரூபித்தாலும் நம்பாது, போனுக்கு ஒரு எண் அனுப்பும். பழசு தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும். புதுசு தானாக ஊகித்துக்கொண்டு, நம்மைக் கேட்டுச் செய்ததுபோல் ஒரு பாவனை காட்டும்.

இதை நான் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், பல் பிடுங்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். நல்ல கூட்டம் என்பதால். உறவுக்காரர்கள் எனக்கு 'டாஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களை ஓட்டிய மென்பொருளின் பெயர். கேலிக்காக வைத்தார்கள். எனக்கோ பட்டம் வாங்கியதுபோல இருந்தது.

என் அக்கா காது மருத்துவமனை வைத்திருக்கிறாள். மருத்துவமனை என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்யவேண்டாம். மூன்றே அறைகள். முன்னறையில் வரவேற்பு மேசை. அடுத்தது சோதனை அறை. சுவரெல்லாம் பஞ்சு பதித்து, பெட்டகம்போல் கனத்த கதவு. கடைசி அறையில் காதுக் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, யாருக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவு வைத்துக் கொடுப்பாள். அந்தக் கடைசி அறையில் பத்தொன்பது வருடமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைச் சாகவிடாமல் வைத்திருந்தது நான்.

அதற்கும் ஒரு நாள் வந்தது. நாலு வருடத்துக்கு முன்பு, வருடத்தின் முதல் நாள் காலையில் அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் கிழவன் வேலைநிறுத்தம் பண்றான். தேதி செல்லாதுங்கறான்."

போய்ப் பார்த்தேன். அந்த மென்பொருளை எழுதிய புண்ணியவான், இத்தனை வருடம் யாரும் இதைக் கட்டிக்கொண்டு அழமாட்டார்கள் என்று நினைத்து, நாட்காட்டியை முந்தைய வருடத்தோடு நிறுத்தியிருந்தான். வேறு யாராக இருந்தாலும் கைவிட்டிருப்பார்கள். நான் அந்தக் கம்ப்யூட்டரின் நாட்காட்டியை இருபத்தெட்டு வருடம் பின்னுக்குத் தள்ளினேன். ஏன் இருபத்தெட்டு? நம் ஆயுளில் பார்க்கக்கூடிய எந்த வருடத்தை எடுத்தாலும் இருபத்தெட்டு வருடத்துக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அப்படியே திரும்ப வரும். செவ்வாய் செவ்வாயாகவே இருக்கும், லீப் வருடம் லீப் வருடமாகவே இருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சந்தோஷமாக வாழ்ந்துகொண்டிருக்கும். பல நாள் எனக்கே அங்கே குடிபோகலாம் என்று தோன்றியதுண்டு.

ஒரே ஒரு சிக்கல். மூன்று வயதுக் குழந்தை ஒன்று வந்தது. பிறந்த தேதியைப் போட்டால், 'இந்த நோயாளி இன்னும் பிறக்கவில்லை' என்றது கம்ப்யூட்டர். குழந்தை எதிரே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. ஆகவே பதிவில் இருந்த எல்லோருடைய பிறந்த வருடத்திலும் இருபத்தெட்டைக் குறைத்தேன். வயது சரியாக வந்தது. இனி வருகிறவர்களுக்கு என்ன செய்வது? ஒரு சீட்டு எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டினேன்.

'பிறந்த வருடத்தில் இருபத்தெட்டைக் கழித்துப் பதியவும். இந்தச் சீட்டை எக்காரணம் கொண்டும் யாரும் எடுக்கக் கூடாது.'

கீழே சிவப்பு மையில் மூன்று கோடு. மேலே அகலமான ஒட்டுநாடா, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி. புது நோயாளி வந்தால் கடைசி அறைக்கு வந்து அதில் பதிவு செய்கிற வேலை வரவேற்பு மேசை அம்மாவுடையது. அவர் இங்கு வருவதற்கு முன் இருபது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். வாய்ப்பேச்சை நம்பமாட்டார். எழுத்தில் இருந்தால் எமன் வந்தாலும் மாற்றமாட்டார். சீட்டைப் படித்தார், தலையாட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் நாலு பேர் இருந்தால் போதும் என்று அன்று நினைத்தேன்.

இந்த வருடம் அக்கா புது சிஸ்டம் வாங்க முடிவெடுத்தாள்.

"இப்ப வர்ற காதுக் கருவி எதுவும் உன் கிழவனோட பேச மாட்டேங்குதுடா."

"நான் பேச வைக்கறேன்க்கா. ஒரு வாரம் குடு."

"நீ பேச ஆரம்பிச்சா மனுஷங்களே எந்திரிச்சுப் போறாங்க. கருவி எங்க நிக்கும்?"

எனக்குக் கோபம். ஆனாலும் தொழிலில் குறை வைக்கவில்லை. பழைய பதிவுகளில் பின்னுக்குப் போயிருந்த ஒவ்வொரு தேதியிலும் இருபத்தெட்டைக் கூட்டி, பழையபடி நேராக்கி, புது சிஸ்டம் வைக்க வந்த கம்பெனிக்காரரிடம் கொடுத்தேன். கூடவே நாற்பது நிமிடம் என் கருத்துகளையும் கொடுத்தேன். அந்த மனிதர் நின்றுகொண்டே கேட்டார். பாதியில் ஒருமுறை கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

புது சிஸ்டம் ஓட ஆரம்பித்த அன்று அக்கா கூப்பிட்டாள். "ஒரு மணி நேரம் வந்து மேசை அம்மாவோட உக்காருடா. பழசுல என்னென்ன பண்ணாங்க, இதுல என்னென்ன வேண்டாம்னு சொல்லிக் குடு."

"கடையில தலைக்கு மேல வேலைக்கா" என்றேன்.

அன்று கடையில் நான் செய்த வேலை, முப்பது வருடப் பழைய விசைப்பலகை ஒன்றின் பொத்தான்களைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தது. நூற்றியொரு பொத்தான். ஒவ்வொன்றாக.

ஆறு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, "உன் கிழவனை வந்து எடுத்துட்டுப் போ, எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு" என்று அக்கா சொன்னபிறகுதான் போனேன். போன நேரம் நல்ல நேரம். வரவேற்பு மேசைக்கு முன்னால் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போன மாதம் புதிதாகக் காதுக் கருவி வாங்கியவர்.

"பாருங்கம்மா, உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து பொறந்த நாள் வாழ்த்து வந்திருக்கு. தொண்ணூத்தேழாம்."

"நல்லதுங்க" என்றார் மேசை அம்மா.

"என்ன நல்லது? எனக்கு அறுவத்தொம்போது! என் சம்சாரம் காலையிலேர்ந்து சிரிச்சுக்கிட்டிருக்கா. ரெண்டு தடவ எந்திரிச்சு நின்னு கும்புட்டுட்டா."

எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. ஆறு வாரத்தில் புது சிஸ்டத்தின் லட்சணம் வெளியே வந்துவிட்டது!

"அய்யா, உங்க மேல தப்பே இல்ல" என்று அவர் தோளில் கை போட்டேன். "இதுதான் புது சிஸ்டம். பழசு இருந்துச்சே, அது வாழ்த்தும் அனுப்பாது, வயசையும் ஏத்தாது. இதுங்க கேக்காமலே வாழ்த்தும், ஆனா யாரை வாழ்த்தறோம்னு தெரியாது. பாருங்க, அந்தக் காலத்துல..."

"தம்பி, எனக்கு இன்னும் இந்தக் கருவி சரியாப் பழகல" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

கடைசி அறையில் பழைய கம்ப்யூட்டரின் ஒயர்களைக் கழற்ற மேசைக்கடியில் புகுந்தேன். புகுந்த கையோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள். அக்காவின் செருப்பு தெரிந்தது. பின்னாலேயே மாவு படிந்த ஒரு ஜோடி ஷூ. அதற்குப் பின்னால், வர மறுத்து இழுபடுகிற இரண்டு குட்டிக் கால்கள். வெளியே வந்து நின்று எல்லோருக்கும் விளக்கம் சொல்வதைவிட உள்ளேயே இருப்பது மரியாதை என்று பட்டது.

மாவு ஷூ அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்பவர். குட்டிக் கால்களுக்குச் சொந்தக்காரிக்கு ஐந்து வயது. அவளைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள். காது பாதிதான் கேட்கும். ஒரு உதவித் திட்டத்தில் அவளுக்கு இரண்டு காதுக் கருவிகள் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஆறு வாரத்தில் குழந்தை நாளுக்கு நாலு மணி நேரமாவது போட்டுப் பழகவேண்டும். பழகாவிட்டால் கருவி வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமையோடு ஆறு வாரம் முடிகிறது.

"எத்தனை நேரம் போட்டிருக்கான்னு கருவியே எழுதி வெச்சுக்கும்" என்று அக்கா திரையைக் காட்டினாள். "மொத நாள் மூணு மணி நேரம். அடுத்த நாள் நாப்பது நிமிஷம். இப்ப ஒரு நாளைக்குப் பதினோரு நிமிஷம்."

"பதினோரு நிமிஷம் நான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது டாக்டர். கையை விட்டா கழட்டிடுவா. போன வாரம் அரிசி டப்பாவுக்குள்ள இருந்துச்சு, அதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் ஷூவுக்குள்ள."

"ரெண்டு படி சத்தத்தக் கொறச்சும் குடுத்தேனே."

"அப்பவும் இப்படித்தான். அடம்னு சொல்றாங்க எல்லாரும். அவங்கப்பா, 'விட்டுத்தொலை, இருக்கற காது போதும்'ங்கறாரு. இவ இந்த வருஷம் ஸ்கூல்ல ஒரு பாட்டு வாய்தொறந்து பாடல டாக்டர். மத்த புள்ளைங்க வாயைப் பாத்துப் பாத்து இவளும் வாயசைக்கறா." மாவு ஷூ ஒரு அடி முன்னால் நகர்ந்தது. "இன்னொரு மாசம் தரச் சொல்லி கேக்க முடியாதா?"

"கேக்கலாம்மா. ஆனா சிஸ்டத்துல இருக்கற நேரத்தத்தான் அவங்க பாப்பாங்க. நான் சொல்றத இல்ல."

இதற்குள் சிட்டு குனிந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரியவன் ஒருவன் மேசைக்கடியில் இருப்பதில் அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒளிவதற்கு நல்ல இடம் என்று தெரிந்திருக்கும்போல. தவழ்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு காதிலிருந்தும் கருவிகளை, பழத்தின் விதையை எடுப்பதுபோல் லாவகமாக எடுத்து, என் சட்டைப் பையில் போட்டாள். நான் விழித்தேன். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அடிக்குது" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. அடிக்கிற ஒருவனைப் பற்றி இன்னொருவனிடம் எச்சரிக்கை சொல்வதுபோல் சொன்னாள்.

கருவிகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். எனக்குள் நியாயத் தீ மூண்டிருந்தது. ஒரு பக்கம் தொண்ணூற்றேழு வயது டிரைவர். ஒரு பக்கம் அடிக்கிற கருவி. எல்லாம் இந்தப் புது சிஸ்டத்தின் கைங்கரியம். விடக்கூடாது.

"அம்மா, கம்பெனிக்கு ஒரு புகார் எழுதணும். நீங்க டைப் பண்ணுங்க, நான் சொல்றேன்."

"சொல்லுங்க சார்." நீதிமன்றத்து விரல்கள் தயாராக நின்றன.

"'ஐயா, தங்கள் சிஸ்டம் மனிதர்களின் வயதைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றுகிறது. உதாரணமாக அறுபத்தொன்பது வயதுள்ள ஒருவருக்குத் தொண்ணூற்றேழு வயது என்று காட்டியது. அதாவது...' அது எவ்வளவும்மா வித்தியாசம்?"

அவர் விரலை எடுக்காமலே சொன்னார். "இருபத்தெட்டு சார்."

"'அதாவது இருபத்தெட்டு வருடம்...'"

என் வாய் அங்கேயே நின்றது. மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். அவர் மேசைக்கென்றே வந்த புது மானிட்டர், பளபளவென்று, ஓரமே இல்லாத திரை. அதன் நெற்றியில், கொஞ்சம் மஞ்சளாகிப்போய், சிவப்பு மையில் மூன்று கோட்டோடு என் சீட்டு.

"இது... இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் சார் எடுத்து ஒட்டினேன். எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. புதுசு வந்த அன்னிக்கு நீங்க வருவீங்க, கேட்டுக்கலாம்னு இருந்தேன். நீங்க வரல. ஆனா உங்க எழுத்து இருக்கே." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "தப்பாயிடுச்சா சார்?"

"உங்க தப்பு இல்லம்மா" என்றேன். ரொம்ப நாளுக்குப் பிறகு நான் சுருக்கமாகச் சொன்ன ஒரு கருத்து அது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆறு வாரமாக வந்த ஒவ்வொரு புது நோயாளியின் பிறந்த வருடத்திலும் அவர் ஒழுங்காக இருபத்தெட்டைக் கழித்திருந்தார். பழைய கம்ப்யூட்டருக்கு அது சரி. புதுசு நிகழ்காலத்தில் இருக்கிறது. அதன் கணக்கில் சிட்டுவுக்கு முப்பத்து மூன்று வயது.

வயது கூடினால் டிரைவருக்கு ஒன்றுமில்லை. அவர் சம்சாரத்துக்குச் சிரிப்பு, அவ்வளவுதான். சிட்டுவுக்கு அப்படியில்லை என்பது அக்கா தம்பி என்கிற முறையில் காதில் விழுந்த விஷயங்களால் எனக்கே தெரியும். சின்னக் காதுக்குள் இடம் கம்மி. பெரியவர் காதுக்கு அளவாக இருக்கிற சத்தம் அதற்குள் போனால் மோதும். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு அளந்துவிடலாம்தான். சிட்டு அதற்கு உட்காரவில்லை. அப்போது வயதைப் பார்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் 'குழந்தையா, பெரியவரா?' என்று கேட்கும். புதுசு கேட்காது. பிறந்த தேதியைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும்.

பார்த்தீர்களா, கேட்காது! இந்த வாதம் என் தொண்டைவரை வந்தது. நல்ல வாதம். இன்றைக்கும் அது சரியான வாதம்தான். ஆனால் அந்தக் குழந்தையின் பிறந்த வருடத்தைப் பொய்யாகச் சொன்னது கம்ப்யூட்டர் அல்ல, என் கையெழுத்து. நான் பிரஷ்ஷால் பொத்தான் தேய்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம், இங்கே ஒருத்திக்கு ஆறு வாரம். அரிசி டப்பா, ஷூ, மேசைக்கடி என்று ஓடி ஒளிந்திருக்கிறாள்.

கடைசி அறையின் கதவைத் தட்டினேன். சிட்டுவும் அம்மாவும் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டு அக்காவிடம் மட்டும் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னேன். இருபத்தெட்டு, சீட்டு, நான் வராத நாள், எல்லாம். பழைய கம்ப்யூட்டரின் பெருமை ஒரு வரிகூட வரவில்லை.

அக்கா கத்துவாள் என்று தயாராக இருந்தேன். அவள் திரையில் சிட்டுவின் பக்கத்தைத் திறந்தாள். மேல் மூலையில், எறும்பு அளவு எழுத்தில் பிறந்த தேதி.

"இது என் கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "மொத்தம் எத்தனை குழந்தைங்க?" என்றாள்.

அவள் கத்தியிருக்கலாம்.

"மூணு. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

"போன் பண்ணு. இப்பவே. இன்னிக்கே கழட்டி வெக்கச் சொல்லு. ஏன்னு நீயே சொல்லணும். மேசை அம்மாவச் சொல்ல விடாத."

பிஸ்கட் அம்மா எழுந்து நின்றிருந்தார். "டாக்டர், காதுக்கு... இருக்கறதும் போயிருக்குமா?"

அக்கா அப்போதே சிட்டுவைச் சோதனை அறைக்குள் அழைத்துப்போனாள். கனத்த கதவு மூடிக்கொண்டது. வெளியே நானும் அந்த அம்மாவும். அவர் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் முன்னறைக்குப் போய் இரண்டு வீட்டுக்குப் போன் செய்தேன். ஒரு வீட்டில் அப்பா எடுத்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க பையன் அதப் போட மாட்டேன்னு சொன்னதுக்கு நேத்து நான் அவனை வெளிய நிக்க வெச்சேன்" என்றார். போனை யார் முதலில் வைத்தோம் என்று தெரியவில்லை.

இருபது நிமிடத்தில் கதவு திறந்தது.

"எதுவும் ஆகல" என்றாள் அக்கா. "ஆறு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஏன்னா இவ போடவே இல்ல. கழட்டி கழட்டிப் போட்டாளே, அதான் காப்பாத்திச்சு. நம்ம அத்தனை பேருல சரியா முடிவெடுத்தது இவ ஒருத்திதான்."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "நான் கையைப் பிடிச்சுக்கிட்டேனே" என்றார் என்னிடம். "தெனமும் பதினோரு நிமிஷம். அவ கையை நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் பேசட்டும் என்று நின்றேன். நிறையப் பேசினார். ஒரு சொல்லுக்கும் நான் மறுப்பு சொல்லவில்லை.

திட்டக்காரர்களுக்கு எழுதவேண்டும். அதையும் புது சிஸ்டத்தில்தான் அனுப்பவேண்டும். 'கருவி பயன்படுத்தப்படாததற்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விழுந்தது. 'குழந்தை ஒத்துழைக்கவில்லை.' 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை.' 'குடும்பம் இடம்பெயர்ந்தது.' தப்பு மருத்துவமனைமேல் இருக்கலாம் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அமுக்கினேன். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. அதற்குக் கீழே, 'நூற்றைம்பது எழுத்துகளுக்கு மிகாமல்.'

நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து எதையும் சொல்லிப் பழகாதவன் நான். முதலில் எழுதியதில் இருபத்தெட்டு வருட நாட்காட்டி விளக்கம் பாதியிலேயே பெட்டி நிரம்பிவிட்டது. அழித்தேன். அடுத்ததில் புது சிஸ்டம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று ஆரம்பித்தேன். அதையும் அழித்தேன். மேசை அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கோர்ட்டுல குத்தத்த ஒத்துக்கறவங்க வாக்குமூலம் எப்பவும் சின்னதா இருக்கும். ஒத்துக்காதவங்களோடதுதான் பக்கம் பக்கமாப் போகும்" என்றார்.

கடைசியில் இப்படி அனுப்பினேன்: 'பிறந்த வருடம் தவறாகப் பதிந்தோம். சத்தம் அதிகமானது. தவறு என்னுடையது. குழந்தை மேல் தவறில்லை. மறுபடி ஆறு வாரம் தரவும்.' எழுத்துகள் மிச்சம் இருந்தன.

புதன்கிழமை மாலைக்குள் பதில் வந்துவிட்டது. ஆறு வாரம் மறுபடி முதலிலிருந்து. பழசில் இதற்குத் தபால் போட்டு மூன்று வாரம் காத்திருக்கவேண்டும். இதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.

வியாழக்கிழமை சிட்டு வந்தாள். கருவியின் டப்பாவைக் கண்டதுமே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவசரப்படவில்லை. முதலில் கருவியைச் சிட்டுவின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு தோளில். கொஞ்ச நேரம் கழித்துத் தலைமுடிக்குள். அரை மணி நேரம் கழித்து ஒன்று காதுக்குள் போனது. மேசை அம்மா, சொல்லிவைத்தபடி, முன்னறையில் கனத்த பதிவேடு ஒன்றை மேசைமேல் தொப்பென்று போட்டார். சிட்டுவின் தோள் குலுங்கியது. கை மேலே எழுந்தது. காதுவரை வந்தது. அங்கேயே நின்று, பிறகு முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது. கதவுப் பக்கம் திரும்பி, "யாரு?" என்றாள்.

அக்கா இரண்டாவது கருவியையும் மாட்டினாள். "அம்மா, நீங்க ஏதாவது பேசுங்க" என்றாள்.

அந்த அம்மா மகளுக்கு எதிரே மண்டியிட்டார். வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை வளைத்து என்னவோ சொன்னார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கருவி வேலை செய்யவில்லையோ என்று நான் பதறிவிட்டேன். கேட்காதது என் காதுக்கும்தான் என்பது பிறகுதான் உறைத்தது. அவருக்கு அதுதான் பழக்கமாம். பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரங்கள் ஓடும்போது யார் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் மகளோடு அதே பேச்சுதான். குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று எப்போதோ விட்டுவிட்டிருக்கிறார்.

சிட்டு அம்மாவின் வாயைக் கவனித்துப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். என்னையும் அக்காவையும் திரும்பிப் பார்த்துவிட்டு, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவள்போல் அம்மாவின் தொண்டையில் விரலை வைத்தாள்.

"இங்க சத்தம் வரல" என்றாள்.

அந்த அம்மாவுக்குத் திடீரென்று என்ன பேசுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். எங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார். பிறகு, கொஞ்சம் கரகரப்பாக, அவர் குரலே அவருக்குப் பழக்கமில்லாததுபோல் கேட்டார்.

"சாப்டியா?"

சிட்டு அதை யோசித்தாள்.

"நீதான ஊட்டுன" என்றாள்.